மடியில் வரும் நோயாளிகள்

கால்நடை வைத்தியம் என்பது நோயாளி வாயே திறக்காத, கூட வந்தவர் வாயை மூடவே மூடாத தொழில்.

நான் படித்தது என்னவோ மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான். தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுத்துப் போடுகிற பயிற்சியோடு பெரம்பலூரில் கிளினிக் திறந்தேன். வாரத்தில் ரெண்டு மதியம் அரியலூரிலும் உட்காருகிறேன். இப்போது பார்த்தால் வருகிறவற்றில் பாதிக்கு மேல் பொமரேனியன், ஷிட்ஸு, சிவாவா என்று குட்டி ஜாதி நாய்கள். கால்நடை என்றால் காலால் நடப்பது என்று அர்த்தம். இவை எங்கே நடக்கின்றன? மடியில் வருகின்றன, துண்டில் சுற்றி வருகின்றன, ஒரு தடவை சாப்பாட்டுக் கூடையில்கூட வந்தது.

சின்ன நாய் வளர்க்கும் சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். மாட்டுக்கு நோய் வந்தால் கொஞ்சம் தவணை கொடுக்கும். மூன்று கிலோ உடம்புக்கு அந்தத் தவணை கிடையாது. காலையில் சுணங்கும், மாலையில் படுக்கும். நீங்களோ "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றபடி உள்ளே வருவீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே நான் டிரிப் பாட்டிலை எடுத்து வைத்துவிடுவேன். கடைசியில் வரப்போகும் ஸ்வீட்டி என்ற நாயைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேராக அங்கே போக மனசு வரவில்லை. அதனால் முதலில் மற்றவர்களைச் சொல்கிறேன்.

தெத்துப்பல்

அரியலூரில் சிமென்ட் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் பொமரேனியன் குட்டி ஒன்றுக்குத் தடுப்பூசி போட வந்தார்கள். வாயைத் திறந்து பார்த்தால் கோரைப்பல் ஜோடி ஜோடியாக நிற்கிறது. பால்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைத்துவிட்டது. குட்டி இனங்களில் இது சகஜம். வாய் சின்னது, இடம் பத்தாது, ரெண்டுக்கும் நடுவில் சோறு தங்கி ஈறு புண்ணாகும், கடைசியில் நல்ல பல்லும் ஆடும். மயக்க ஊசி போட்டுப் பால்பல்லை எடுத்துவிடலாம் என்றேன். அந்த அம்மா குட்டியை வெடுக்கென்று மடிக்கு இழுத்துக்கொண்டார். தெத்துப்பல் அதிர்ஷ்டமாம். இது வீட்டுக்கு வந்த பிறகுதான் கணவருக்கு வேலை நிரந்தரமானதாம். கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

சில வருடம் கழித்து அதே நாய் வந்தது. அதற்கு முன்னால் அதன் வாய் நாற்றம் வந்தது. கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே சீழ். முறுக்கு ஒன்றைக் கடித்ததில் கீழ்த்தாடை எலும்பே விட்டுப்போயிருந்தது. பல்லின் வேரிலிருந்து இறங்கிய சீழ் எலும்பை உள்ளுக்குள் அரித்துவிட்டது. கம்பி போட்டுக் கட்டலாம் என்றால் கட்டுவதற்கு அங்கே எலும்பு மிச்சமில்லை. இனி ஆயுசுக்கும் கஞ்சிதான் என்று சொன்னேன். அந்த அம்மா நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கணவர்தான் கடைசியில் சொன்னார்: "அதிர்ஷ்டம் எங்களுக்கா, அதுக்கான்னு அன்னிக்கு நாங்க கேக்கலீங்க டாக்டரம்மா."

சில்லு

பெரம்பலூரிலேயே ஆசிரியர் வீட்டுப் பெண், ஏழாவது படிக்கிறாள். அவளுடைய சிவாவாவுக்குப் பிங்கி என்று பெயர். ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தித் தத்திப் போகும், பிறகு காலை ஒரு உதறு உதறிவிட்டு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இந்தப் பெண் வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டு நொண்டி ஆடுகிறவள். தன்னைப் பார்த்துத்தான் பிங்கியும் நொண்டி ஆடக் கற்றுக்கொண்டது என்று அவளுக்கு ஒரே பெருமை. அவள் அம்மா அதை வீடியோ எடுத்துப் பாட்டுச் சேர்த்துப் போட்டு, ஊரே பார்த்திருக்கிறது. எனக்கும் முதலில் அந்த வீடியோவைத்தான் காட்டினார்கள். நகம் வெட்டத்தான் வந்திருந்தார்கள்.

நான் முழங்காலைப் பிடித்து லேசாக அழுத்தியதும் முட்டிச் சில்லு இடத்தை விட்டு உள்பக்கம் வழுக்கிப் போனது. இன்னொரு காலிலும் அப்படியே. பிறவியிலேயே வருகிற கோளாறு, குட்டி நாய்களுக்கு அதிகம். சில்லு நழுவும்போது காலைத் தூக்கும், அது திரும்பப் போய் உட்கார்ந்ததும் ஓடும். வருடக்கணக்கில் உரசி உரசி இப்போது உள்ளே தேய்ந்துவிட்டது. எடையைக் குறைக்கணும், சோபாவிலிருந்து குதிக்க விடக்கூடாது, பெரிய ஊரில் காட்டி ஆபரேஷன் பற்றிக் கேட்கணும் என்று அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டுச் சத்தம் கேட்டது. அதை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்: "அப்ப, அது வலிச்சதுக்குத்தான் அத்தனை லைக்கா ஆன்ட்டி?"

காக்கா

ஆடி அமாவாசை அன்று அரியலூர் கிளினிக்குக்கு ஒரு போன். குட்டிக்குக் காக்கா வலிப்பு வந்துவிட்டது, கை காலை வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை, இரும்புச் சாவிக்கொத்தைக் காலிடுக்கில் வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறோம், நிற்கவில்லை என்கிறார் ஒரு பெண். காலையிலிருந்து என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் கொடுக்கவில்லை. மாமனார் தவறிய பிறகு வருகிற முதல் ஆடி அமாவாசை. கணவர் திருமழபாடியில் கொள்ளிடத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார். மாடியில் காக்காவுக்குச் சோறு வைத்தாயிற்று, காக்கா வந்த பாடில்லை. காக்கா எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்கக்கூடாது. குட்டியும் வீட்டில் ஒருத்தர்தானே?

உள்ளங்கை அளவு குட்டிக்கு உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. ரெண்டு வேளை தவறினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி இப்படித்தான் இழுக்கும், அப்படியே போயும்விடும். "சாவியைத் தூக்கிப் போடுங்க, சர்க்கரையைத் தண்ணியில குழைச்சு ஈறுல தேய்ங்க, ஊத்தாதீங்க, தேய்ங்க" என்று கத்தினேன். அந்தப் பக்கம் தயங்கிய குரலில், "இன்னும் காக்கா எடுக்கலீங்களே" என்றார். நான் அதற்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. தேய்த்திருக்கிறார்கள். நான் இருந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் குட்டி தலையை நிமிர்த்திவிட்டது. குளுக்கோஸ் ஏற்றியதும் என் விரலையே கடித்தது. அன்று எனக்கு அதைவிட சந்தோஷமில்லை.

கணவர் ஈர வேட்டியோடு, நெற்றியில் விபூதி அழியாமல், ஒரு ஓரமாக நின்றிருந்தார். திட்டலாம் என்று திரும்பினேன், அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. குட்டியைப் பார்த்தபடி அவரே சொன்னார்: "காக்காவுக்காக இதைப் பட்டினி போட்டோமே, எங்கப்பா உசுரோட இருந்திருந்தா நாய்க்கு மொதல்ல போட்டுட்டுதான் டாக்டரம்மா அவரு உக்காருவாரு."

வெங்காய ஜில்லா

இனித் தள்ளிப்போட முடியாது. ஸ்வீட்டிக்கு வருகிறேன்.

ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து கலியமூர்த்தியும் அவர் மனைவி வளர்மதியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அம்மாவின் மடியில் துண்டு, துண்டுக்குள் வெள்ளைப் பொமரேனியன். ஸ்வீட்டி அவர்களுடைய மகன் பிரபு வாங்கிய நாய். பிரபு சென்னையில் வேலை பார்த்தான். லீவுக்கு பைக்கில் ஊருக்கு வரும்போது ஹைவேஸில் லாரி மோதி இறந்துவிட்டான். ஒரே பிள்ளை. இதை அந்த அம்மா நாயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் சொன்னார், தடுப்பூசி விவரம் சொல்கிற மாதிரி வரிசையாக, அழாமல். அவன் போன பிறகு ஸ்வீட்டி தட்டில் போட்டால் சாப்பிடாதாம். அவர் பிசைந்து கையில் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுமாம்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. மூச்சு படபடவென்று ஓடியது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றார்கள். மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வளர்மதியம்மாவை உள்ளறையில் நாயோடு உட்காரவைத்து டிரிப்பைப் போட்டுவிட்டு, ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பார்த்ததும் வெளியே வந்து கலியமூர்த்தியிடம் கேட்டேன், தினமும் என்ன போடுறீங்க? "நாங்க திங்கிறதுதாங்க. சாம்பார் சோறு." என்ன சாம்பார்? "வெங்காய சாம்பார்."

சொன்னேன். வெங்காயம் நாய்க்கு ஆகாது ஐயா. சிவப்பணுவை உடைத்துவிடும். பெரிய நாய் எப்போதோ ஒரு வாய் தின்றால் தாங்கிக்கொள்ளும், இத்தனூண்டு உடம்புக்குத் தினம் தினம் போனால் ரத்தமே கரைந்துபோகும். வேகவைத்தாலும் அதே கதைதான். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சின்ன வெங்காயம் போட்டுத்தான் அந்த மனுஷன் வீடு கட்டினார், பிள்ளையை இன்ஜினியரிங் படிக்கவைத்தார். வீட்டுக்குப் பின்னாலேயே அறுத்த வெங்காயத்தைச் சேர்த்துவைக்கும் பட்டறை. சூட்டுக்கு வெங்காயம், இருமலுக்கு வெங்காயம், தேள் கொட்டினாலும் வெங்காயம் என்று வாழ்கிற ஊரில், நேற்று வந்த பொம்பளை ஒருத்தி அதை விஷம் என்கிறாள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, எனக்காகப் பரிதாபப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்: "வெங்காயம் விஷம்னா டாக்டரம்மா, எங்க ஜில்லாவே இந்நேரம் செத்திருக்கணுமே."

கருப்பன்

ரத்தம் ஏற்றினால் ஒருவேளை பிழைக்கும் என்றேன். நாய் ரத்தத்துக்கு இங்கே வங்கியா இருக்கிறது? திடமான ஒரு நாய் வேண்டும், யாராவது கொடுத்தால் உண்டு. கலியமூர்த்தி போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் பட்டறையில் காவல் இருக்கும் கருப்பன், தெரிந்தவர் ஒருவரின் குட்டியானை வண்டியில் பின்னால் நின்றபடி வந்து இறங்கினான். நாட்டு நாய். வீட்டுக்குள் அவனுக்கு அனுமதி கிடையாது. ஸ்வீட்டி அவனைக் கண்டாலே குரைத்து விரட்டுமாம், அவனும் அந்தப் பூனை அளவு பிராணிக்குப் பயந்து ஒதுங்கிப் போவானாம்.

ரெண்டு ரத்தத்தையும் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகக் கலந்து பார்த்தேன், திரியவில்லை, ஒத்துப்போனது. கருப்பன் கழுத்தில் முடியை மழித்து ஊசியைக் குத்தியபோது வளர்மதியம்மா அவன் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருசத்துல இவனை நான் தொட்டதே இல்லடா சாமி" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் ஒரு முனகல்கூட முனகவில்லை. அரை டம்ளர் ரத்தம்தான். அது ஸ்வீட்டிக்குள் இறங்க இறங்க ஈறில் லேசாகச் சிவப்பு ஏறியது. சாயங்காலம் வாலை ஆட்டியது. பிறகு கருப்பனைப் பார்த்துக் குரைத்தது. வளர்மதியம்மா அன்றுதான் என் முன்னால் முதல்முறையாக அழுதார்.

கலியமூர்த்தி என்னை வாசல் பக்கம் கூப்பிட்டார். காலையில் என்னைப் பரிதாபமாகப் பார்த்த மனிதர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதை நாள் முழுக்க யோசித்திருக்கிறார். இந்த வியாதி எப்போது தொடங்கியது, சமையல் எப்போது மாறியது என்று ரெண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "வெங்காயத்தாலன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க, பையனுக்குப் பிடிக்கும்னு அவன் போன நாளா தினமும் அந்த சாம்பாரைத்தான் வச்சு, அதுக்கு ஊட்டிக்கிட்டிருக்கா."

உண்ணி

வளர்மதியம்மாவிடம் சாப்பாட்டை மாற்றச் சொன்னேன். தயிர்சோறு, முட்டை, ஏன் என்று கேட்காதீர்கள், வயிறு பலவீனமாக இருக்கிறது என்றேன். சில நாள் ஸ்வீட்டி நடந்தது, வாசல் வரை போய் நின்று பைக் சத்தம் கேட்டால் காதைத் தூக்கியது. அதன் பிறகு சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. உடைந்த ரத்தம் முழுக்க அது வழியாகத்தானே போயிருந்தது. சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்று மறுபடி பஸ் ஏறியிருக்கிறார்கள். வழியிலேயே, மடியிலேயே அடங்கிவிட்டது. அந்த அம்மா பஸ்ஸில் யாருக்கும் தெரியவிடவில்லை. அப்படியே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் கிடத்தி, பாருங்க என்றார். நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். இல்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"எதனால வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். "நான் எதுவும் மாத்திக் குடுத்துட்டனா?" கலியமூர்த்தி சுவரோரம் நின்று என்னையே பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் என்றேன். நாய் உண்ணி கடித்தாலும் இதே மாதிரி ரத்தம் உடையும், சிறுநீர் இதே நிறத்தில் போகும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று மடமடவென்று சொன்னேன். பொய் சொல்கிறவர்கள்தான் இத்தனை காரணம் சொல்வார்கள். "தினம் சீவி விடுவேனே, ஒரு உண்ணி கண்ணுல படலையே" என்றார். சின்ன உண்ணி, கண்ணுக்குத் தெரியாது என்றேன். தலையாட்டினார். துண்டை மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன மாதம் வளர்மதியம்மா கருப்பனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட வந்தார், தனியாக. கருப்பன் இப்போது வீட்டுக்குள்ளேதான் படுக்கிறானாம். ஊசி போட்டுவிட்டு, வீட்டில் ஐயா சௌக்கியமா என்று கேட்டேன். சௌக்கியம் என்றார். எழுந்து கதவு வரை போனவர் கயிற்றைப் பிடித்தபடி திரும்பி நின்றார். "பொய் சொல்லத் தெரியாத மனுசன் டாக்டரம்மா அவரு" என்று ஆரம்பித்தார். "அது செத்த மறுநாளே, கருப்பன் சோத்துல வெங்காயத்தைப் பொறுக்கிட்டுப் போடுன்னாரு. வெங்காயம் வெளையவச்சே கை காய்ச்சவரு, எதுக்கு அப்புடிச் சொல்லுவாரு? எனக்கு அன்னிக்கே வெளங்கிப்போச்சு."

மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் வந்தது அதற்கு இல்லை. மறுபடியும் கிட்டே வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க, பையன் போனதையே அவரால தாங்க முடியல, அது உண்ணியாவே இருந்துட்டுப் போவட்டும்."

எங்கள் பக்கத்தில் சின்ன நாய்களைக் கொன்றதாக நான் பழி போட்டிருக்கும் உண்ணிகளில் பாதி, பாவம், எந்த நாயையும் கடித்ததே இல்லை.